அடியார்கள் குறைந்தால் ஆண்டவன் குறைவானா?



கிருஷ்ணன்கோவிலில் சகோதரர் ஒருவரின் இல்லத்தில் வியாழன்தோறும் இஷாவுக்குப் பின் அகீதா வகுப்பு ஒன்றை நடத்தி வருகிறோம். ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் சிலர் வருவர். பல்கலைக்கழக விடுதிகளில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளும் வந்து பின்வரிசையில் அமர்வர். சில வாரங்களுக்கு முன்பு அவர்களில் ஒருவர், பொறியியல் மாணவர், தயங்கித் தயங்கி ஒரு வினாவை எழுப்பினார். "ஹஜ்ரத், நாங்கள் ஆடும் ஒரு கேமில் தெய்வங்களுக்கெல்லாம் ஒரு சட்டம் இருக்கிறது. வணங்குகிறவர்கள் பெருகினால் தெய்வத்தின் வலிமை பெருகும். அவர்கள் மறந்துவிட்டால் தெய்வம் செத்துப்போகும். என் அறைத் தோழன் எல்லா மதமும் இப்படித்தான் என்கிறான். அடியான் தன்னைப் பற்றி எப்படி எண்ணுகிறானோ அப்படியே தான் இருப்பதாக அல்லாஹ்வும் சொல்வதாக ஒரு ஹதீஸ் இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றுதானா என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை."

அவர் முடிப்பதற்குள் முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், "கேம் ஆடுவதே ஹராம், அதை மஜ்லிஸில் வேறு பேசுகிறாயா?" என்று சீறினார். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். பெரியவரின் வயதுக்கும் ரோஷத்துக்கும் நாம் மதிப்பளிக்கிறோம். எனினும் அந்த அதட்டலை எதிர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறோம். அந்தப் பிள்ளை கேட்டது தவ்ஹீதின் அடிவேரைத் தொடும் கேள்வி. நம் மத்ரஸாக்களில் ஏழாண்டு ஓதிய ஆலிம்களில் எத்தனை பேர் அதற்கு உடனே விடை தருவர் என்பது நமக்கு ஐயமே.

முதலில் அந்தச் சட்டம் என்னவென்று பார்ப்போம். பார்க்காமல் மறுப்பது அறிவுடைமையாகாது. 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டை வெளியிட்டனர். மேசையைச் சுற்றி அமர்ந்து, கதை சொல்லி, பகடை உருட்டி ஆடுவது அது. பின்னர் அதற்கென உருவான கற்பனை உலகங்களுள் 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்' புகழ்பெற்றது. அவ்வுலகில் நூற்றுக்கும் மேற்பட்ட தெய்வங்கள். அவர்கள் அனைவருக்கும் மேலே 'ஏயோ' என்றொருவன். தெய்வங்கள் தம் அடியார்களைப் புறக்கணித்துத் தமக்குள் சூழ்ச்சி செய்தமையால் சினங்கொண்ட ஏயோ, அவர்களை மண்ணுலகிற்குத் தள்ளுகிறான், பலர் மாண்டுபோகின்றனர். அதன் பிறகு, அடியார்களின் எண்ணிக்கையும் பக்தியுமே இனித் தெய்வத்தின் வலிமை என விதிக்கிறான். 2023இல் வெளிவந்து உலகெங்கும் ஆடப்பட்ட 'பால்டர்ஸ் கேட் 3' இவ்வுலகில்தான் நிகழ்கிறது. அதில் கொலைக்குரிய தெய்வம் ஒன்றுண்டு, பெயர் பஹால். முன்பு மனிதனாயிருந்து, தெய்வமாகி, மாண்டு, மீண்டவன். இல்யாஸ் (அலை) அவர்களின் சமூகம் பற்றிக்கொண்டிருந்த 'பஅல்' என்னும் சிலையின் பெயரை ஸாஃப்ஃபாத் அத்தியாயத்தில் ஓதியிருப்பவர்களுக்கு அந்தப் பெயர் காதில் இடறும்.

அக்கதையுலகில் ஒரு சுவரும் உண்டு. எந்தத் தெய்வத்தையும் ஏற்காமல் இறந்தவர்களின் ஆன்மாக்களைக் கல்லுக்குப் பதிலாக அடுக்கி எழுப்பிய சுவர் அது. 2007இல் வந்த ஒரு விளையாட்டின் கதை முழுவதும் அந்தச் சுவரைச் சுற்றியே பின்னப்பட்டது. அச்சுவர் ஏன் தேவைப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள். வணக்கம் இல்லையேல் பட்டினி கிடக்கும் தெய்வங்கள், வணங்காதவனை அச்சுறுத்தியாக வேண்டும். பசித்தவன் கையில் அதிகாரம் இருந்தால் அவன் வேறென்ன செய்வான்? வட்டிக்கடைக்காரன் செய்வதைத்தான் செய்வான்.

இன்னொரு விளையாட்டு 2001இல் வந்தது. பெயர் 'பிளாக் அண்ட் ஒயிட்'. பீட்டர் மாலிநியூ என்னும் ஆங்கிலேயரின் நிறுவனம் உருவாக்கியது. அதில் ஆடுகிறவனே தெய்வம். சிற்றூர் மக்கள் வழிபாட்டுத் தலத்தில் ஆடிப்பாடித் தொழுதால் அவனுக்கு அற்புதங்கள் செய்யும் ஆற்றல் சேரும். ஆனால் அவர்கள் ஓயாது தொழுதால் களைத்துப் பசியால் வாடுவர். ஆகவே தெய்வமே அவர்களுக்கு உணவு கொண்டுவந்து போட வேண்டும். தெய்வம் மக்களைப் பேணுகிறதா, ஆடுமாடு வளர்ப்பதுபோல் வளர்க்கிறதா என்று ஆடுகிறவனுக்கே குழப்பம் வந்துவிடும். நாவல்களிலும் இக்கருத்து உண்டு. டெர்ரி பிராட்செட் 1992இல் எழுதிய 'ஸ்மால் காட்ஸ்' நாவலில், உண்மையாக நம்புகிறவன் ஒருவனே எஞ்சியமையால் ஒரு மாபெரும் தெய்வம் ஆமையாகச் சுருங்கிவிடுகிறது.

இவையெல்லாம் விளையாட்டுக்காரர்கள் தாமாகக் கண்டுபிடித்தவை அல்ல. மனிதன் தன் தன்மைகளையே வானில் எறிந்து அதற்குக் கடவுள் என்று பெயரிட்டான் என்று ஜெர்மானியரான ஃபாயர்பாக் 1841இல் எழுதினார். சமூகம் தன்னையே தெய்வமாக்கித் தொழுகிறது, ஆதலால் தெய்வங்களுக்கும் மனிதர்கள் தேவை என்னும் கருத்தை பிரெஞ்சு நாட்டு துர்க்கைம் 1912இல் நூலாக்கினார். தமிழ்நாட்டில் வாழும் நமக்கோ இது இன்னும் அணுக்கம். பெரியார் சிலைகளின் பீடங்களில் கடவுளை மனிதனே கற்பித்தான் என்னும் பொருள்பட எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டேதான் நம் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். அந்த எழுத்து அவர்களை வாதத்திற்கு அழைக்கிறது. எதிர்வாதமும் செய்ய முடிகிறது. விளையாட்டு வாதிடுவதில்லை. அந்த விதியை உண்மையென ஏற்றுக்கொண்டுதான் அதனுள் நுழையவே முடியும். நூறு மணி நேரம் அந்த விதிக்குள் வாழ்ந்த மனம், வெளியே வரும்போது அதில் கொஞ்சத்தை ஒட்டிக்கொண்டே வருகிறது.

"வெறும் கதைதானே ஹஜ்ரத், இதற்கு இவ்வளவு பேச்சா?" என்று கேட்போர் இருக்கிறார்கள். அவர்களுக்கு 2020 ஜூன் மாதத்தை நினைவூட்டுகிறோம். பப்ஜி மொபைல் விளையாட்டில் அப்போது ஒரு காட்டுப்பகுதி சேர்க்கப்பட்டது. அங்கே நின்ற குலச்சின்னத் தூண்களின் முன்னர் ஆடுகிறவனின் உருவம் மண்டியிட்டு வேண்டினால் அதற்கு வலிமையும் பிற பயன்களும் கிட்டும். அரபு நாடுகளின் முஸ்லிம்கள் கடும் எதிர்ப்புத் தெரிவித்தனர். நிறுவனம் வருத்தம் தெரிவித்து அச்செயலை நீக்கியது. நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களிலும் அந்நாளில் பெரும் கொந்தளிப்பு. செப்டம்பர் 2ஆம் தேதி இந்திய அரசு அதையும் சேர்த்து 118 செயலிகளைத் தடை செய்தபோது, துஆ கபூலானது என்றுகூடச் சிலர் பதிவிட்டனர். தடைக்கு அரசு கூறிய காரணம் நாட்டின் பாதுகாப்பு; சிலை வணக்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அந்த எதிர்ப்பு நியாயமே. ஆனால் நம்மைக் கொதிக்க வைத்தது முழங்கால் மட்டுமே. திரையில் ஒரு பொம்மை முழங்காலை மடக்கியதைக் கண்ட நாம், வணக்கத்தால் தெய்வம் உருவாகிறது என்னும் எண்ணம் பிள்ளைகளின் உள்ளத்தில் மண்டியிட்டு அமர்ந்ததைக் காணவில்லை. முன்னதை நிறுவனம் விரைவில் நீக்கிவிட்டது. பின்னதை நீக்க எந்த நிறுவனத்திடம் மனுக்கொடுப்பது?

இனி அந்தப் பிள்ளையின் அறைத்தோழர் சொன்னதற்கு வருவோம். அவர் பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார். அந்தப் பாதியை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஏனெனில் அதை முதலில் சொன்னதே குர்ஆன். லாத், உஸ்ஸா, மனாத் ஆகியவை மக்களும் அவர்தம் மூதாதையரும் இட்ட பெயர்களேயன்றி வேறில்லை என்று நஜ்ம் அத்தியாயம் கூறுகிறது. நூஹ் (அலை) அவர்களின் சமூகத்தார் வணங்கிய வத், ஸுவாஉ, யகூஸ், யஊக், நஸ்ர் ஆகிய ஐவரும் நல்லடியார்களாக வாழ்ந்த மனிதர்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) விளக்கியது புகாரியில் பதிவாகியுள்ளது. அவர்கள் இறந்த பின் நினைவுக்காகச் சின்னங்கள் எழுந்தன. தொடக்கத்தில் எவரும் வணங்கவில்லை. அறிவு மறைந்த தலைமுறையில் வணக்கம் தொடங்கியது. நம்பிக்கை ஒரு தெய்வத்தை எப்படிக் கட்டுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான வரலாறு எந்த விளையாட்டிலும் இல்லை. பனூ ஹனீஃபா குலத்தார் பேரீச்சம் பழமும் நெய்யும் பிசைந்து தெய்வம் செய்து நெடுங்காலம் வணங்கினர். பஞ்சம் வந்தபோது அதைத் தின்றுவிட்டனர் என்று முன்னோர் நூல்கள் கூறும். ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு உஸ்ஸாவை இடிக்க காலித் பின் வலீத் (ரலி) நக்லாவுக்குச் சென்றபோது, அதன் பூசாரி தன் வாளைக் கழற்றி உஸ்ஸாவின்மேல் மாட்டிவிட்டு, நீயே உன்னைக் காத்துக்கொள் என்று மலையேறிவிட்டானாம். அடியானிடமிருந்து வாள் வாங்க வேண்டிய தெய்வம்! ஏயோவின் சட்டம் இவற்றுக்கெல்லாம் அப்படியே பொருந்தும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாம் வாழும் ஊரின் பெயரிலேயே கோவில் இருக்கிறது. கடிதத்தில் முகவரி எழுதும்போதெல்லாம் அதை எழுதுகிறோம். அமாவாசை வந்தால் சதுரகிரிக்குச் செல்லும் மக்கள் வத்திராயிருப்புப் பேருந்துக்கு நம் கடைகளின் நிழலில்தான் காத்திருக்கிறார்கள். தண்ணீர் கேட்டால் கொடுக்கிறோம், அவர்களும் நம் பெருநாளில் வாழ்த்துச் சொல்கிறார்கள். பிறர் அழைப்பவற்றைத் திட்டலாகாது என்று அன்ஆம் அத்தியாயம் தடுத்திருக்கிறது. ஆகவே அண்டை வீட்டாரை நோக்கி இதை எழுதவில்லை. நம் வீட்டுக்குள்தான் பேசுகிறோம்.

அறைத்தோழர் தவறியது, அந்தச் சட்டத்தை அல்லாஹ்வின்மீதும் விரித்த இடத்தில். அபூதர் (ரலி) அறிவிக்கும் நீண்ட ஹதீஸ் குத்ஸி ஒன்று முஸ்லிமில் உள்ளது. அதன் கருத்தைச் சுருக்கித் தருகிறோம். முன்னோர், பின்னோர், மனிதர், ஜின்கள் யாவரும் மிகச்சிறந்த இறையச்சமுள்ள ஒருவரின் உள்ளம் போன்ற உள்ளம் பெற்றாலும் அல்லாஹ்வின் ஆட்சியில் எதுவும் கூடாது. அவர்கள் யாவரும் மிகக் கொடிய ஒருவனின் உள்ளம் பெற்றாலும் அதில் எதுவும் குறையாது. யாவரும் ஒரே திடலில் நின்று கேட்டு, கேட்டதையெல்லாம் அவன் கொடுத்தாலும், கடலில் தோய்த்தெடுத்த ஊசி குறைக்கும் அளவே குறையும். பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஏயோவின் சட்டத்தை எதிரே வைத்துக்கொண்டு மறுத்தது போலவே இருக்கிறது. இமாம் தஹாவி (ஹிஜ்ரி 321இல் மறைந்தவர்) தம் அகீதா நூலில் இதே கருத்தை நிறுவுகிறார்: படைத்த பிறகு அவன் படைப்பாளன் ஆனான் என்பதில்லை, படைப்பு ஏதும் இல்லாத நிலையிலும் அவன் அவனாகவே இருந்தான், படைப்பு தோன்றியதால் முன்பில்லாத பண்பு எதுவும் அவனுக்கு வந்து சேரவில்லை. நம் மத்ரஸாக்களில் இமாம் ஸனூஸியின் நூல் வழியே இருபது ஸிஃபத்துகளை மனனம் செய்கிறோமே, அதில் 'கியாமுஹூ பிநஃப்ஸிஹி' என்று ஒன்று வருகிறதல்லவா? பிறிதொன்றின் துணையின்றித் தானே நிலைத்திருத்தல் என்பது அதன் பொருள். பிள்ளைகள் அதை ராகத்தோடு ஒப்பிக்கிறார்கள். அது எந்தக் கேள்விக்கு விடை என்று நாம் அவர்களுக்குச் சொல்லித் தருவதில்லை. அந்தக் கேள்வியை ஒரு விளையாட்டு வந்து கேட்கும்போது மனனம் கைகொடுப்பதில்லை.

அப்படியானால் அந்த மற்றொரு ஹதீஸ்? அடியானின் எண்ணத்திற்கேற்ப அல்லாஹ் இருக்கிறான் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளதுதான். அதை ஒளிக்கத் தேவையில்லை. அங்கே பேசப்படுவது அல்லாஹ்வின் உள்ளமை அன்று. அவன் அடியானோடு நடந்துகொள்ளும் முறை. மன்னிப்புக் கேட்பவன் மன்னிக்கப்படுவேன் என்றும், துஆக் கேட்பவன் ஏற்கப்படும் என்றும் எண்ணினால் அவ்வாறே அவன் நடத்தப்படுவான் என்றே இமாம் நவவி போன்ற விரிவுரையாளர்கள் விளக்குகின்றனர். நபி (ஸல்) அவர்கள் மறைவதற்கு மூன்று நாள்களுக்கு முன், அல்லாஹ்வைப் பற்றி நல்லெண்ணம் கொண்ட நிலையிலன்றி உங்களில் எவரும் இறக்க வேண்டாம் என்னும் கருத்துப்பட உபதேசித்ததை ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். நம் எண்ணம் அல்லாஹ்வை வார்க்கும் அச்சு என்றால், இந்த உபதேசம் அல்லாஹ்வைக் காப்பாற்றச் சொன்னதாகிவிடும். காப்பாற்றப்படுகிறவன் அடியான். கடலில் எவ்வளவு ஆழ அமிழ்த்தினாலும் நாழி ஒரு நாழி நீரைத்தான் முகக்கும் என்று ஔவையார் சொன்னதைத் தமிழ்ப் பிள்ளைகள் அறிவார்கள். நாழியின் அளவு நாழிக்குள் வரும் நீரை முடிவு செய்கிறது. கடலை முடிவு செய்வதில்லை.

இவ்வளவும் சொன்ன பின், அந்தப் பெரியவரை நோக்கியும் நம்மை நோக்கியும் ஒரு கேள்வி எழுகிறது. ஏயோவின் சட்டத்தை நம் பிள்ளைகள் விளையாட்டில்தான் முதன்முதலாகக் கற்றார்களா? இந்தத் தர்காவில் ஆயிரம் பேர் கூடுகிறார்கள், அந்தத் தர்காவில் பத்தாயிரம் பேர் கூடுகிறார்கள், ஆகவே அங்கு அடங்கியிருக்கும் வலியுல்லாஹ்வுக்கே சக்தி அதிகம் என்று நம் வீட்டுத் திண்ணைகளில் பேசுவதை அவர்கள் கேட்டதில்லையா? அந்த இறைநேசர் தம் வாழ்நாளில் கூட்டத்தைத் தேடியவரா? கூட்டத்தைக் கொண்டு அவரை அளப்பது அவரையே அவமதிப்பது. இதை எழுதினால் சிலர் நம்மை ஒரு கட்சியில் சேர்த்துவிடுவர். அது குறித்துக் கவலையில்லை, ஏனெனில் எதிர்க்கட்சிக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. தர்கா பக்கமே போகாத சகோதரர்கள், உலகிலேயே வேகமாக வளரும் மார்க்கம் நம்முடையது என்று வாரந்தோறும் ஒரு படத்தை அனுப்பி மகிழ்கிறார்கள். அதில் பாதிப் புள்ளிவிவரத்துக்குத் தாயும் தகப்பனும் கிடையாது. அதை விடுங்கள். எண்ணிக்கை கூடினால் மார்க்கம் உண்மையாகிவிடும் என்றால், எண்ணிக்கை குறைந்தால்? நூஹ் (அலை) அவர்கள் 950 ஆண்டுகள் அழைத்தும் நம்பியோர் சிலரே. அன்றைய கணக்குப்படி அவர் தோற்றவரா? இந்தச் செய்தியைப் பத்துப் பேருக்கு அனுப்பினால்தான் பரக்கத் வரும், அனுப்பாவிட்டால் துன்பம் வரும் என்று வரும் மடல்களைப் பாருங்கள். அந்த விளையாட்டின் சுவருக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? பசித்த தெய்வத்தின் மிரட்டல்தான் அங்கும். அதை அல்லாஹ்வின் பெயரால் எழுதியிருக்கிறார்கள், அவ்வளவே.

ஹுனைன் போருக்குச் சென்ற 12,000 பேரில் சிலர், இன்று எண்ணிக்கைக் குறைவால் தோற்கமாட்டோம் என்று எண்ணினர். அந்தப் பெருமிதம் அவர்களுக்குச் சிறிதும் பயன்படவில்லை என்று தவ்பா அத்தியாயம் கண்டிக்கிறது. நபித்தோழர்கள் இருந்த படையையே கண்டித்த இறைவன், நம் வாட்ஸ்அப் படையைப் புகழ்வான் என்று எந்த அடிப்படையில் எதிர்பார்க்கிறோம்? நபி (ஸல்) அவர்கள் மறைந்த நாளில், மதீனா நிலைகுலைந்து நின்ற அந்த வேளையில், அபூபக்ர் (ரலி) எழுந்து, முஹம்மதை வணங்கியவர் எவரேனும் இருந்தால் அவர் இறந்துவிட்டார் என்றும், அல்லாஹ் இறவாதவன் என்றும் அறிவித்தார்கள். அடியார்களின் கண்ணீரும் கூட்டமும் நம்பிக்கையும் ஒருவரை உயிரோடு வைத்திருக்கும் என்றால் அன்று அது நடந்திருக்க வேண்டும்.

விளையாட்டுகளின் ஹலால், ஹராம் பற்றி இங்கு ஃபத்வா தருவது நம் நோக்கமன்று. தொழுகையைக் கெடுப்பதும், சூதைக் கலப்பதும், பொம்மையின் கையாலேனும் ஸஜ்தா செய்ய வைப்பதும் கூடாது என்பதில் நமக்கு இரு கருத்தில்லை. ஆனால் பெற்றோர் கைப்பேசியைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுவதோடு கடமை முடிந்ததாக எண்ணினால், பூட்டப்பட்டது கைப்பேசி மட்டுமே. அந்த விளையாட்டில் தெய்வம் ஏன் பசியோடிருக்கிறது என்று ஒருமுறை பிள்ளையிடம் கேளுங்கள். அஸ்ஸமத் என்னும் திருப்பெயரை, அவன் எவரிடமும் தேவையற்றவன், யாவரும் அவனிடம் தேவையுள்ளோர் என்று, அந்த விளையாட்டை அருகில் வைத்துக்கொண்டே விளக்கலாம். இஃக்லாஸ் அத்தியாயத்தை ஓதத் தெரியாத முஸ்லிம் பிள்ளை இல்லை. ஆகவே பாடம் ஏற்கனவே அவர்கள் நாவில் இருக்கிறது.

அடுத்த வியாழனும் அந்த மாணவர் வந்தார். அறைத்தோழரிடம் ஊசியையும் கடலையும் சொன்னாராம். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அப்படியென்றால் உங்கள் இறைவனுக்கு உங்கள் தொழுகையே வேண்டாமே, பிறகு ஏன் ஐந்து வேளை?" என்று திருப்பிக் கேட்டாராம். முன்வரிசைப் பெரியவர் இம்முறை அதட்டவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "அதை நானும் கேட்க வேண்டும் என்றுதான் இருந்தேன்" என்றார். லுக்மான் அத்தியாயத்தைத் திறந்தோம்.